வீட்டுப் பத்திரத்தை பீரோவிலேயே வையுங்கள்

பெங்களூரு அல்சூரிலிருந்து ஓர் அப்பா, இரண்டாம் பி.யூ. (பிளஸ் டூ) முடித்த மகளோடு என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ், அதற்கு வீட்டை வைத்துக் கடன். "மச்சான் பையன் அதைப் படிச்சுத்தான் ஒயிட்ஃபீல்டுல செட்டில் ஆனான்" என்றார். ஆறுதலாகத்தான் பேச ஆரம்பித்தேன். அப்புறம் அந்தப் பெண் ஒரு நோட்டை நீட்டினாள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் கழற்றிய நியோடிமியம் காந்தத்தைத் தோசைக்கல்லில் சூடாக்கி, எத்தனை குண்டூசி ஒட்டுகிறது என்று ஒவ்வொரு முறையும் எண்ணி எழுதியிருக்கிறாள். 'ஆறின பிறகும் பழைய பிடி வரவில்லை' என்ற வரிக்குக் கீழே இரண்டு கோடு.

சார், கடன் வேண்டாம். அவள் கேட்காத படிப்புக்கு வீட்டை அடகு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சூட்டில் காந்தம் சோர்வதை அவளே பார்த்துவிட்டாள். கடுங்குளிரில் என்ன நடக்கும் என்று ஆராயவே ஒரு துறை இருக்கிறது. அதில் பார்க்கும் பொருள்களில் ஒன்று டெர்பியம் மாங்கனைட், பெரோவ்ஸ்கைட் என்ற படிக அமைப்புள்ள ஓர் ஆக்சைடு. நியோடிமியத்தைப் போல டெர்பியமும் அரிய மண் தனிமம்தான். சுமார் 41 கெல்வினில், அதாவது மைனஸ் 232 டிகிரி செல்சியஸில், மாங்கனீசு அணுக்களின் காந்தத் திசைகள் ஒழுங்குக்கு வரும். 28 கெல்வினில் அவை அணுவுக்கு அணு திரும்பி ஒரு சுருளாகும்; அந்தச் சுருளே பொருளுக்குள் மின்முனைவை, அதாவது ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ் என்ற மின் பிரிவை, உண்டாக்கும். டெர்பியம் அணுக்கள் தமக்குள் ஒழுங்காவது 7 கெல்வின் அளவில்தான். காந்தப்புலம் கொடுத்தால் மின்முனைவு 90 டிகிரி திரும்புவதை 2003-ல் ஜப்பானில் கண்டார்கள். இதையெல்லாம் அளக்க 4.2 கெல்வினில் கொதிக்கும் திரவ ஹீலியம் வேண்டும்.

அதற்கு வெளியூர் போக வேண்டாம். நம் டாடா இன்ஸ்டிடியூட், அதாவது இந்திய அறிவியல் கழகம் (ஐ.ஐ.எஸ்சி.), இருக்கிறது. ஜக்கூரில் ஜவாஹர்லால் நேரு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. பெரோவ்ஸ்கைட் ஆக்சைடுகளில் பெயர் பெற்ற வேதியியலாளர் சி.என்.ஆர். ராவ் வேலை செய்த இடங்கள் இவை. பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேருங்கள். கடைசி வருடம் ஜாம் (JAM) என்ற முதுநிலை அறிவியல் நுழைவுத் தேர்வை எழுதட்டும். தேறினால் டாடா இன்ஸ்டிடியூட்டின் ஒருங்கிணைந்த பிஎச்.டி.க்கு (எம்.எஸ்சி.யும் ஆராய்ச்சிப் பட்டமும் சேர்ந்த படிப்பு) விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. போட்டி கடுமைதான். டிகிரிக்கு மேல் ஆறேழு வருடம் ஆகும், மச்சான் பையன் சம்பளம் சீக்கிரம் வராது. இதை அவளிடமும் சொல்லிவிட்டேன். "காந்தத்தைக் குளிர வெச்சுப் பார்க்க திரவ நைட்ரஜன் எங்க கிடைக்கும் மேடம்?" என்றுதான் திருப்பிக் கேட்டாள்.