தேய்க்கும் மெஷினில் ஓடும் மணல் ஒட்டிய பெல்ட் பற்றிய கேள்விகள்: எவர்சில்வருக்கு எது, கத்திக்கு எது? சேலம் பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்.

ஓமலூர்: அண்ணா, எவர்சில்வர் கைப்பிடிக் குழாயில் வெல்டிங் மேட்டைத் தணித்து பாலிஷ் வரைக்கும் போக எந்த நம்பரில் ஆரம்பிக்கணும்?

60 போதும் தம்பி. நம்பர் குறையக் குறைய மணல் பெரிசு. 36 போட்டால் மேடு சட்டென்று போகும், அது கிழித்த கோட்டை அழிக்க அரை நாள் ஆகும். 60, 120, 240, 320, அப்புறம் பஃபிங், அதாவது துணிச் சக்கரத்தில் பளபளப்பாக்குவது. ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையைச் சற்றுத் திருப்புங்கள். முந்தைய கோடு குறுக்கே தெரியும். அது முழுக்க மறைந்தால்தான் அடுத்த நம்பர். குழாய் வளைவுக்கு மெல்லிய ஜே துணி பெல்ட், தட்டையான வேலைக்குத் தடித்த எக்ஸ் துணி.

ஒன்று மட்டும்: இரும்பு தேய்த்த பெல்ட்டை எவர்சில்வரில் வைக்காதீர்கள். ஏற்காட்டில் ஒரு விடுதிக்குச் சமையல் மேசை செய்து கொடுத்தோம். மழை முடிவதற்குள் மேலெல்லாம் பழுப்புப் புள்ளி. மட்டமான தகடு என்று அவர்கள் சத்தம் போட்டார்கள். தகட்டில் குறையே இல்லை. எங்கள் பட்டறைப் பையன் இரும்பு கேட் தேய்த்த பெல்ட்டையே மாட்டியிருக்கிறான். பதிந்த இரும்புத்துகள் துருப்பிடித்துவிட்டது.

ஏற்காடு: காப்பித் தோட்டத்துக் கவாத்துக் கத்தி. பெல்ட்டில் தீட்டியபின் முனை நிற்பதே இல்லை.

முனை நீலமாக மாறியதா? அப்படியென்றால் சூட்டில் பதம் போய்விட்டது. தேய்ந்த பெல்ட் வெட்டாது, சூடுதான் ஏற்றும். புதுசு மாட்டுங்கள், அழுத்தாதீர்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் நனையுங்கள். நீலம் பாய்ந்த பகுதியை மெதுவாகத் தேய்த்து எடுத்தால் உள்ளே நல்ல எஃகு இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டை: வெள்ளிக் கொலுசுக்கு?

பெல்ட் வேண்டாம். பஃபிங் போடுகிறவரைக் கேளுங்கள்.

சூரமங்கலம்: சிர்க்கோனியா மணல் பெல்ட்தான் பெஸ்ட் என்கிறார்களே, எல்லாவற்றுக்கும் அதையே போடலாமா?

கூடாது. சிர்க்கோனியா மணல் அழுத்தத்தில் உடைந்து உடைந்து புது முனை காட்டும். அழுத்தம் இல்லாவிட்டால் உடையாது, மேலே பளபளவென்று மழுங்கிக் கிடக்கும். அரை எச்.பி. மெஷினுக்கும் மரத்துக்கும் அலுமினியம் ஆக்சைடு போதும். பாக்சைட்டை மின் உலையில் உருக்கிச் செய்வது அது. நம் ஷெவராய் மலையிலும் பாக்சைட் வெட்டியிருக்கிறார்கள்.

தாதகாப்பட்டி: தப்புங்க. என்னுடையதும் அரை எச்.பி.தான். சிர்க்கோனியா மூணு மடங்கு உழைக்குது.

எதன் மேல் வைத்துத் தேய்க்கிறீர்கள்? பெல்ட்டுக்குப் பின்னால் இருப்பது தட்டையான தட்டா, சக்கரமா?

தாதகாப்பட்டி: பல் வெட்டிய ரப்பர் சக்கரம். ஒன்றரை இன்ச் பெல்ட்.

அதைச் சொல்லுங்கள் முதலில்! சக்கரத்தில் பொருள் படுகிற இடம் கீற்றுத்தான். கை அழுத்தம் முழுக்க அங்கேயே இறங்குவதால் மணல் உடைகிறது. அதே பெல்ட்டைத் தட்டில் வைத்து அகலத் தகட்டைத் தேய்த்துப் பாருங்கள், பத்தே நிமிடத்தில் வழுக்கும். எச்.பி.யை மட்டும் வைத்து நான் பேசியது தப்புத்தான். மரத்துக்குச் சொன்னது மாறாது.

வேகத்தையும் பாருங்கள். 200 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 2,880 சுற்றில் ஓடினால் பெல்ட் விநாடிக்கு 30 மீட்டர் போகும். இரும்புக்குச் சரி. எவர்சில்வருக்குக் குறைத்தால் நல்லது, அது சூட்டைச் சீக்கிரம் கடத்தாது.

அம்மாபேட்டை: எவர்சில்வருக்கு எந்த நம்பர் சார்?

முதல் பதில்.

ஏற்காடு: சில்வர் ஓக் பலகை தேய்த்தால் பெல்ட் அடைத்துக்கொள்கிறது.

பலகை காயவில்லை. அடைத்த பெல்ட்டை ஓடவிட்டு, பழைய கிரேப் ரப்பர் செருப்பின் அடியை லேசாகக் காட்டுங்கள், தூள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பெல்ட்டை ஆணியில் மாட்டாதீர்கள், மடிப்பில் அறுந்துவிடும். தடித்த குழாயில், ஈரச் சுவரை விட்டுத் தள்ளி மாட்டுங்கள்.

கொண்டலாம்பட்டி: அலுமினியமும் இரும்பும் ஒரே மெஷினில்?

தூசிப்பையையும் மெஷினையும் முழுக்கச் சுத்தம் செய்யாமல் கூடவே கூடாது. அலுமினியத் தூசியில் இரும்புப் பொறி விழுந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

ஓமலூர்: அண்ணா, இரும்பு பெல்ட்டை எவர்சில்வருக்கு அவசரத்துக்கு ஒரே ஒரு தடவை...

வேண்டாம் தம்பி.