பதக்கங்களை வயது வரிசையில் படியுங்கள்: போர் விமானியாக விரும்பும் மாணவரின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பிளஸ் ஒன் படிக்கும் தங்கள் மகன் போர் விமானியாவதில் உறுதியாக இருப்பதையும், அமெரிக்க விமானப்படையின் பிரிகேடியர் ஜெனரல் சக் யேகர் பெற்ற பதக்கங்களின் பட்டியலைத் தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருப்பதையும், இந்த ஆசையை எப்படியாவது மாற்றிவிடலாம் என்று தாங்கள் அவரை வணிகவியல் பிரிவில் சேர்க்க யோசிப்பதையும் எழுதியிருந்தீர்கள். பிரிவை இப்போது மாற்ற வேண்டாம் என்பதே என் முதல் பதில். காரணத்தைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் பட்டியலைத் தாங்களும் மகனும் ஒன்றாக உட்கார்ந்து, எந்தப் பதக்கம் எந்த வயதில், எதற்காக வந்தது என்று கேட்டபடி படித்துப் பார்க்க வேண்டும் என விரும்புகிறேன்.

யேகர் 1923-இல் மேற்கு வர்ஜீனியாவின் மைரா என்ற சிற்றூரில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு முடிந்த 1941-ஆம் ஆண்டின் செப்டம்பரிலேயே சாதாரணச் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த வேலை விமான மெக்கானிக் வேலை. வயதும் கல்வித் தகுதியும் போதாமல் முதலில் விமானிப் பயிற்சிக்குச் சேர முடியாதிருந்தவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விதிகள் தளர்ந்தபோது அந்த வாய்ப்பைப் பெற்று, 1943 மார்ச்சில் விமானிக்கான சிறகுச் சின்னத்தை அணிந்தார். அவருடைய பார்வைக் கூர்மை சராசரி மனிதரைவிட மிக அதிகம். ஆனால் அவரை உயர்த்தியது கண் மட்டுமே என்று நான் நினைக்கவில்லை. எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த விமானி என்பதால்தான் போருக்குப் பின் ரைட் ஃபீல்டு தளத்தில், பழுது பார்க்கப்பட்ட விமானங்களை ஓட்டிச் சரிபார்க்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. சோதனை விமானியாகும் வழி அங்கிருந்துதான் திறந்தது.

இனி பதக்கங்களுக்கு வருவோம். பட்டியலில் உள்ள பர்ப்பிள் ஹார்ட், போரில் காயம்பட்டவர்களுக்குத் தரப்படுவது. அதை யாரும் விரும்பிப் பெறுவதில்லை. 1944 மார்ச் 5 அன்று பிரான்சின் வானில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய பிரெஞ்சு எதிர்ப்புப் படையினரின் உதவியால் பிரனீஸ் மலைகளைக் கடந்து ஸ்பெயினுக்குத் தப்பியபோது, படுகாயமுற்ற சக வீரர் ஒருவரைக் கைவிடாமல் தம்முடன் கொண்டு சேர்த்தார். பிரான்ஸ் ஸ்டார் (Bronze Star, வெண்கல நட்சத்திரம்) என்ற பதக்கம் அதற்காகக் கிடைத்தது. வானில் ஒரு குண்டும் சுடாமல் பெற்ற இந்தப் பதக்கத்தின் கதையைத்தான் தங்கள் மகன் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

எதிர்ப்புப் படையின் துணையுடன் தப்பியவர்கள் மீண்டும் பிடிபட்டால் உதவியவர்களின் விவரம் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால், அவர்களை அதே போர்முனைக்கு அனுப்பக் கூடாது என்பது அன்றைய விதி. யேகர் அந்த விதியிலிருந்து விலக்குக் கேட்டு, தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் வரை சென்று முறையிட்டார், போருக்குத் திரும்பினார். அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று ஒரே நாளில் ஐந்து எதிரி விமானங்களை வீழ்த்திய கணக்கு அவர் பெயரில் பதிவாயிற்று. போர் முடிந்தபோது மொத்தக் கணக்கு பதினொன்றரை. இன்னொருவருடன் சேர்ந்து வீழ்த்தியதை அரை என்று எழுதுவார்கள்.

1947 அக்டோபர் 14 அன்று பெல் எக்ஸ்-1 விமானத்தில் ஒலியின் வேகத்தைக் கடந்து 1.06 மாக் (ஒலியின் வேகத்தைப் போல் 1.06 மடங்கு) வேகத்தை எட்டியபோது அவருக்கு வயது 24. அதற்கு முன் குதிரையிலிருந்து விழுந்து விலா எலும்புகள் முறிந்திருந்ததால், விமானக் கதவை இழுத்துப் பூட்ட முடியாமல், துடைப்பக் கட்டைத் துண்டொன்றை நெம்புகோலாகப் பயன்படுத்தினார். இதை வீரச் செயலாக மட்டும் தங்கள் மகன் எடுத்துக்கொண்டால் எனக்கு வருத்தமே. உடல்நிலையை மறைத்துப் பறப்பதை இன்றைய எந்த விமானப்படையும் ஏற்காது.

டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் கிராஸ், ஏர் மெடல் ஆகியவற்றை ஒட்டி 'ஓக் இலைக் கொத்து' என்று எழுதப்பட்டிருக்கும். அதே பதக்கம் மறுமுறை வழங்கப்பட்டதற்கு அது அடையாளம். ஏர் மெடலுக்கு அத்தகைய கொத்துகள் பத்து உண்டு. லீஜன் ஆஃப் மெரிட் போன்றவை பெரும்பாலும் பொறுப்பான பணியில் காட்டிய சிறப்புக்கானவை. அவர் பின்னாளில் படைப்பிரிவுகளுக்குத் தலைமை ஏற்றார்; விண்வெளி வீரர்களை உருவாக்கிய பயிற்சிப் பள்ளியை 1962 முதல் நடத்தினார்; வியட்நாம் போரில் 127 முறை பறந்தார். பிரிகேடியர் ஜெனரலானது 1969-இல், அதாவது படையில் சேர்ந்து ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழித்து. 1971 போரின்போது அவர் பாகிஸ்தானில் அமெரிக்கப் பாதுகாப்புப் பிரதிநிதியாக இருந்தார் என்பதும், சக்லாலா தளத்தில் நின்ற அவருடைய சிறு விமானம் நம் படையின் தாக்குதலில் அழிந்தது என்பதும் தங்கள் மகனுக்குத் தெரிந்திருக்க வேண்டியவை.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். விண்வெளி வீரர்களைப் பயிற்றுவித்த பள்ளியின் தலைவரான அவர், தாம் விண்வெளி வீரராகத் தேர்வு பெறும் தகுதியை அடையவில்லை. கல்லூரிப் பட்டம் இல்லாததே அதற்குக் காரணம். மெக்கானிக்காகச் சேர்ந்து ஜெனரலான கதையைக் காட்டி 'படிப்பு எதற்கு' என்று மகன் வாதிட்டால், இந்தப் பகுதியைத் தாங்கள் காட்டலாம்.

இப்போது நம் ஊர் நிலவரம். நம் விமானப்படையில் ஜெனரல் என்ற பதவி இல்லை. யேகரின் பதவிக்கு இணையானது ஏர் கமடோர். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றும் படித்தவர்கள் மட்டுமே என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாதமி) வழியாக விமானப்படையில் சேர முடியும். பட்டப் படிப்புக்குப் பின் ஏ.எஃப்.கேட். என்ற விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வை எழுதிப் பறக்கும் பிரிவுக்குப் போவதற்கும் பள்ளியில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். வணிகவியலுக்கு மாற்றினால் இரண்டு கதவுகளும் ஒரே நாளில் மூடிவிடும். அறிவியலில் தொடர்ந்தால், இந்த ஆசை நாளை மாறினாலும் பொறியியல் உட்பட எதுவும் கைவிட்டுப் போகாது. தாங்கள் அஞ்சுவதைவிட இந்த மாற்றமே மகனுக்கு அதிக இழப்பு என்பது என் உறுதியான கருத்து.

என்.டி.ஏ. எழுத்துத் தேர்வை யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரு முறை நடத்துகிறது. கணிதத்துக்கு 300, பொதுத்திறனுக்கு 600 மதிப்பெண்கள். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ் வழியில் படிப்பவரானால் ஆங்கில வாசிப்பை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். அடுத்து எஸ்.எஸ்.பி. எனப்படும் படைத் தேர்வு வாரியம் நடத்தும் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. விமானியாக விரும்புவோருக்குத் தனியாக ஒரு கணினிவழித் தேர்வு உண்டு. அதில் ஒரு முறை தவறினால் பறக்கும் பிரிவுக்கு வாழ்நாளில் மறு வாய்ப்புக் கிடையாது. எனவே 'சும்மா எழுதிப் பார்க்கலாம்' என்ற மனநிலையில் அனுப்பாதீர்கள். தேர்வானவர்களுக்குக் கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டுகள் பட்டப் படிப்புடன் பயிற்சி, பின்னர் ஐதராபாத் அருகே துண்டிகலில் விமானப்படைப் பயிற்சி. இதற்குத் தாங்கள் கல்விக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. தங்கள் இளைய மகளும் அண்ணனைப் போலப் பேசுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள், என்.டி.ஏ. இப்போது பெண்களையும் சேர்க்கிறது, 2016 முதல் பெண்கள் போர் விமானிகளாகவும் இருக்கிறார்கள்.

ஆபத்து இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறது, அதை மறைத்து ஆறுதல் சொல்வது என் வேலையன்று. யேகரே 1953-இல் 2.44 மாக் வேகத்தில் கட்டுப்பாட்டை இழந்து ஐம்பதாயிரம் அடிக்கும் மேல் உருண்டு விழுந்து மீட்டெடுத்தவர்; 1963-இல் மற்றொரு விபத்தில் தீக்காயம் பட்டவர். பெற்றோர் அஞ்சுவது இயல்பே. அந்த அச்சத்தை மகனிடம் நேராகச் சொல்லுங்கள். பிரிவு மாற்றம் என்ற மறைமுக வழியில் சொல்லாதீர்கள்.

அடுத்த மாதம் சந்திப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நல்ல கண் மருத்துவர் ஒருவரிடம் மகனின் பார்வைத் திறனையும் நிறம் பிரித்தறியும் திறனையும் பரிசோதித்து, உயரத்தையும் கால் நீளத்தையும் அளந்து, அறிக்கையுடன் வாருங்கள். பறக்கும் பிரிவின் மருத்துவ வரம்புகள் கண்டிப்பானவை. அவர் அவற்றுக்குள் வராவிட்டால், அதே விமானப்படையின் தொழில்நுட்பப் பிரிவைப் பற்றி அன்றே பேசத் தொடங்கலாம்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்