வாசகர் கேள்வி-பதில்: சர்வரில் உள்ள பட்டியலை ஜாவாஸ்கிரிப்ட்டிடம் ஒப்படைப்பது எப்படி?

கேள்வி: மண்ணடியில் பைப், வால்வு, ஃபிட்டிங்ஸ் விற்கும் என் மாமாவின் கடைக்கு, சர்வரில் இயங்கும் பிஎச்பி மொழியில் இருப்புப் பட்டியல் பக்கம் ஒன்றை எழுதியிருக்கிறேன். தரவுத்தளத்திலிருந்து எடுத்த பொருள்களை ஒவ்வொன்றாக எக்கோ செய்து (பக்கத்தில் எழுதி), மேற்கோள் குறியையும் காற்புள்ளியையும் நானே சேர்த்து, உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கான அரேயாக (வரிசைப் பட்டியலாக) அமைக்கிறேன். சோதனைக்கு இட்ட 20 பொருள்களுக்குச் சரியாக வந்தது. முழுப் பட்டியலையும் ஏற்றியதும் தேடல் பெட்டிகூட இயங்கவில்லை. ஏன்?
- வாசகர், ராயபுரம்

பதில்: நீங்கள் அனுப்பிய பட்டியலில் 21-ஆவது வரியைப் பாருங்கள்: 1/2" ஜிஐ எல்போ. பைப் கடையில் எல்லோரும் எழுதுகிற அந்த இன்ச் குறியும், ஜாவாஸ்கிரிப்ட்டில் சொற்களை அடைக்கும் இரட்டை மேற்கோளும் விசைப்பலகையில் ஒரே குறிதான். பொருளின் பெயர் 1/2 என்பதோடு முடிந்துவிட்டதாக உலாவி எடுத்துக்கொள்கிறது. அதன்பின் வரும் 'ஜிஐ எல்போ' அதற்குப் புரிவதில்லை. இலக்கணப் பிழை ஒன்று இருந்தாலும் அந்த ஸ்கிரிப்ட் பகுதி முழுவதும் ஓடாது என்பதால், பட்டியலோடு சேர்ந்து தேடல் பெட்டியும் நின்றுவிட்டது.

மேற்கோள்களைக் கையால் ஒட்டும் முறையையே கைவிடுங்கள். 2006-இல் வந்த பிஎச்பி 5.2 முதல் ஜேசன் என்கோட் (json_encode) என்ற செயற்கூறு உள்ளது. ஜேசன் என்பது தரவை உரையாக எழுதும் முறை. பொருள்களின் அரேயை முழுதாக அதனிடம் கொடுத்தால், உள்ளே வரும் ஒவ்வொரு இரட்டை மேற்கோளுக்கு முன்னும் பின்சாய்கோடு (\) இட்டு, பிழையற்ற ஜேசன் உரையாகத் திருப்பித் தரும். ஜேசன் எழுத்துமுறை ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்தே பிறந்தது. ஆகவே அந்த உரையைச் சமக்குறிக்கு வலப்புறம் அப்படியே வைக்கலாம். சுற்றிலும் மேற்கோள் குறி இடக்கூடாது.

வெளியீட்டில் 1/2 என்பது 1\/2 என்று வருவதைக் கண்டு பிழை என எண்ண வேண்டாம். உலாவி படிக்கும்போது அது பழையபடி 1/2 ஆகிவிடும். பார்வைக்கு நன்றாக இல்லை என்று சாய்கோட்டுக்கான அந்தக் காப்பைச் சிலர் நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு. பொருளின் குறிப்பில் யாராவது ஸ்கிரிப்ட் பகுதியை மூடும் </script> என்ற குறிச்சொல்லை எழுதிவிட்டால், அது மேற்கோளுக்குள் இருந்தாலும் உலாவி அங்கேயே ஸ்கிரிப்ட்டை முடித்துவிடும். அதன்பின் வருவதெல்லாம் பக்கத்தின் பகுதியாகிவிடும், தீய எண்ணத்தோடு எழுதப்பட்ட நிரலாகவும் இருக்கலாம். பிஎச்பி சாய்கோட்டுக்கு முன் பின்சாய்கோடு இடுவதால் அந்தக் குறிச்சொல் உருக்குலைந்து, இந்த வழி அடைபடுகிறது. பைத்தான் முதலிய மொழிகளின் ஜேசன் நூலகங்கள் இயல்பாக இதைச் செய்வதில்லை. பிஎச்பியிலும் ஜேசன் ஹெக்ஸ் டேக் (JSON_HEX_TAG) என்ற விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிச்சொல்லின் <, > என்ற கோணக் குறிகளையே அது மாற்றிவிடும்.

தமிழ்ப் பெயர்கள் பின்சாய்கோட்டுடன் கூடிய குறியீடுகளாக வந்தாலும் திரையில் தமிழாகவே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்குறிக்கும் 3 பைட்டுக்குப் பதிலாக 6 பைட் செலவாகும், அவ்வளவுதான்.

அடுத்து நீங்கள் சந்திக்கப்போகும் சிக்கலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் பல நாள்கள் வீணாவதை நான் பார்த்திருக்கிறேன். இருப்பு இல்லாத பொருள்களை அரே ஃபில்டர் (array_filter) என்ற வடிகட்டும் செயற்கூறு கொண்டு நீக்குவீர்கள். அது பொருளை நீக்குமே தவிர, மிஞ்சியவற்றின் எண்களை மாற்றாது. 0, 1, 2, 3 என்று இருந்தது 0, 2, 3 ஆகிவிடும். வரிசை எண் 0-இல் தொடங்கி இடைவெளியின்றிச் சென்றால்தான் ஜேசன் என்கோட் அதைச் சதுர அடைப்புக்குள் பட்டியலாக எழுதும். இல்லையெனில் நெளிவு அடைப்புக்குள் ஆப்ஜெக்ட்டாக, அதாவது ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் இட்ட தொகுப்பாக, எழுதிவிடும். பட்டியலின் பொருள்களை ஒவ்வொன்றாக எடுக்கும் ஃபார் ஈச் (forEach) அந்த ஆப்ஜெக்ட்டில் ஓடாது, எண்ணிக்கையும் கிடைக்காது. எல்லாப் பொருளும் இருப்பில் உள்ள நாளில் பக்கம் நன்றாக இயங்கும். எல்போ தீர்ந்த நாளில் நின்றுவிடும். வடிகட்டிய பட்டியலை அரே வேல்யூஸ் (array_values) என்ற செயற்கூறு வழியாக அனுப்பி, எண்களைப் புதிதாக அமைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உங்கள் மாமாவின் பொருட்டுச் சொல்கிறேன். தரவுத்தள வரிசையை அப்படியே அனுப்பினால் கொள்முதல் விலையும் சேர்ந்து போகும். திருவொற்றியூரில் ஒரு மொத்த வியாபாரியின் பக்கத்தில் இப்படி நேர்ந்தது: திரையில் காட்டவில்லை என்ற நம்பிக்கையில் விட்டிருந்த அந்த விலையை, பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்த்த வாடிக்கையாளர் படித்துவிட்டு, அதை வைத்தே பேரம் பேசினார். பெயர், அளவு, விற்பனை விலை, இருப்பு ஆகிய நான்கை மட்டும் தேர்ந்தெடுத்துப் புதிய அரே அமைத்து, அதை மட்டும் அனுப்புங்கள்.

கேள்வி: சர்வரில் 20240615103000123 என்று உள்ள பில் எண், உலாவியில் 20240615103000124 என்று தெரிகிறதே?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: ஜேசனில் பிழையில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண்கள் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகின்றி வைத்திருக்கும். அதைத் தாண்டினால் அருகிலுள்ள எண்ணுக்கு மாறிவிடும். பில் எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ போவதில்லை அல்லவா? சர்வரிலேயே அதைச் சரமாக (எழுத்துத் தொடராக) மாற்றி, மேற்கோளுக்குள் அனுப்புங்கள்.