மார்பகக் குறைப்பு ஆபரேஷன் இரண்டாவது தடவை: டாக்டர் பதில்கள்

பெரிய மார்பகத்தால் வரும் கழுத்து வலி, தோள் வலி பற்றி முன்பு இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். ஆபரேஷன் செய்து எடையைக் குறைத்தால் அந்த வலி பெரும்பாலும் விட்டுவிடும் என்று சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: "நான் ஏற்கெனவே செய்துகொண்டேன் டாக்டர், மறுபடி பெரிதாகிவிட்டது." கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மட்டும் நான்கு பேர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள், போடவில்லை.

குலசேகரம், வயது 46

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறேன். 29 வயதில் வெளியூரில் மார்பகத்தைக் குறைத்தார்கள், பத்து வருடம் நிம்மதியாக இருந்தேன். அப்புறம் உடம்பு 14 கிலோ ஏறியது, மார்பும் பழையபடி ஆகிவிட்டது. பிரா பட்டை தோளில் குழி விழுத்துகிறது, மார்புக்கு அடியில் வேர்வை தங்கிப் புண்ணாகிறது. ஒரு டாக்டர் மறுபடி முழுதாகத் திறந்து செய்ய வேண்டும் என்கிறார். இன்னொருவர் கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதும் நடக்கக்கூடிய வழிதான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்றை அவர்கள் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. 29 வயதில் செய்த ஆபரேஷனில், காம்புக்கு எந்தப் பக்கத்திலிருந்து ரத்தம் வரும்படி விட்டார்கள்?

குறைப்பு ஆபரேஷனில் காம்பையும் அதைச் சுற்றிய கருவட்டத்தையும் பொதுவாகத் தனியே அறுத்து எடுக்க மாட்டோம். ஒரு சதைப்பாலத்தோடு ஒட்டியபடி விட்டு, சுற்றியுள்ளதை எடுத்து, காம்பை மேலே நகர்த்தித் தைப்போம். அந்தப் பாலத்துக்கு பெடிக்கிள் என்று பெயர். அது கீழ்ப்பக்கத்திலிருந்து வரலாம், மேலிருந்து வரலாம், நெஞ்செலும்புப் பக்கத்திலிருந்தும் வரலாம். ரத்தம், உணர்ச்சி நரம்பு, பால் குழாய் எல்லாம் காம்புக்குப் போவது அந்த வழியாகத்தான். உங்களுக்கு அன்றைக்குக் கீழ்ப்பாலம் வைத்திருந்தால் மற்ற மூன்று பக்கமும் அப்போதே பெருமளவு அறுபட்டிருக்கும், இப்போது அங்கே இருப்பது தழும்பு. அது தெரியாமல் இன்னொரு சர்ஜன் புதிதாக மேற்பாலம் செதுக்கி, கீழே இருப்பதையும் வெட்டிவிட்டால் காம்பு கறுத்து உரியும், சில பேருக்கு முழுதாகவே போய்விடும். ஏற்கெனவே வெட்டி முடித்த பட்டையில் மறுபடி வெட்டும்போது பழைய வெட்டு எங்கே, எவ்வளவு ஆழம் என்று பார்க்காமல் நீங்கள் கத்தியை வைப்பீர்களா? அதே கவனம்தான் இங்கேயும் வேண்டும்.

இதில் சர்ஜன்களுக்குள் இரண்டு கருத்து இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஹட்ஸனும் ஸ்கோலும் 1999-ல் எழுதியது கறாரான வழி: முதலில் வைத்த பெடிக்கிள் எது என்று தெரிந்தால் அதையே திரும்பப் பயன்படுத்து, தெரியாவிட்டால் காம்பைத் தனியே எடுத்து, புது இடத்தில் ஒட்டாகத் தைத்து வை. கனடாவின் எலிசபெத் ஹால்-ஃபிண்ட்லேயும் சகாக்களும் 2017-ல் எழுதியது வேறு: புதிதாகப் பெடிக்கிள் எதையும் செதுக்காதே, காம்பை அது இருக்கும் இடத்திலேயே விடு, மேலே ஏற்றியே ஆக வேண்டுமென்றால் மேல்தோலை மட்டும் சீவி ஏற்று, கீழே தொங்குகிற சதையை ஆப்பு வடிவில் எடு, பக்கவாட்டுக்குக் கொழுப்பை உறிஞ்சு. வருடங்கள் போகப் போக தழும்பு வழியாகவும் தோல் வழியாகவும் காம்புக்குச் சின்னச் சின்ன ரத்தக்குழாய்கள் வந்து சேர்வதால் இந்த வழி சாத்தியமாகிறது. இரண்டு தரப்பும் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: முன்பு என்ன செய்தார்கள் என்று தெரியாமல் காம்பை எல்லாப் பக்கமும் பிரித்து, புதிதாக ஒரு பாலத்தில் தொங்கவிடுவது.

என் கருத்து என்னவென்றால், இரண்டாவது தடவை வருகிறவர்களில் நிறையப் பேருக்குக் காம்பு கீழே இறங்குவதில்லை, அடிச்சதைதான் பாரம் தாங்காமல் இறங்குகிறது. கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். காம்பு ஏறக்குறைய சரியான இடத்தில் முன்னோக்கி இருந்து, அதற்குக் கீழேதான் சதை அதிகம் என்றால், காம்பைத் தொடவே வேண்டாம். கீழே எடுத்தால் போதும்.

உறிஞ்சும் முறை 40 வயதுக்கு மேல் நன்றாகவே கைகொடுக்கும், ஏனென்றால் அந்த வயதில் மார்பில் சுரப்பி குறைந்து கொழுப்பு கூடியிருக்கும், அதிலும் உங்களுக்குக் கூடியது உடம்பு எடையோடு சேர்ந்து. சில மில்லிமீட்டர் துளை வழியாகக் குழாயை விட்டு எடுப்பதால் காம்பின் ரத்த ஓட்டத்துக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் தொங்கலை அது தூக்கிக் கொடுக்காது, பழைய தழும்பு இறுகிய இடத்தில் குழாய் சுலபமாகப் போகாது, எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவதும் வெட்டி எடுத்த சதையைப் போல சரியாக அமையாது. அதனால் உங்கள் வயதில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்காமல் எந்த வழிக்கும் சம்மதிக்காதீர்கள்.

முதலில் எடை ஆறு மாதமாவது ஒரே அளவில் நிற்கட்டும். அடிப்புண்ணுக்கு இப்போதே பூஞ்சைக் களிம்பு போடலாம், குளித்ததும் மெல்லிய பருத்தித் துணியை மார்புக்கு அடியில் மடித்து வையுங்கள். ஆபரேஷன் தேதியை, ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நிற்கிற மாதங்களில் வையுங்கள். வெட்டிச் செய்தால் ஆறு வாரமாவது கையை உயர்த்தி வெட்டவோ பால் வாளி தூக்கவோ கூடாது, சீசன் நடுவில் படுத்தால் கூலிக்காகச் சீக்கிரம் எழுந்து போவீர்கள், தையல் பிரியும்.

நாகர்கோவில், வயது 24

17 வயதில் அம்மா கூட்டிக்கொண்டு போய் ஆபரேஷன் செய்தார்கள். இப்போது பழையபடி ஆகிவிட்டது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள், கல்யாணத்துக்கு முன்னால் மறுபடி செய்துவிடலாமா?

மக்களே, கல்யாணத் தேதியை வைத்து இதை முடிவு செய்யாதே. 17 வயதில் மார்பகம் வளர்ந்து முடிந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அதனால் மீதி வைத்த சுரப்பி பின்னால் வளர்ந்திருக்கும். அது உன் தப்பும் இல்லை, அம்மாவின் தப்பும் இல்லை. இனி கர்ப்பமும் பால் கொடுப்பதும் இன்னொரு தடவை அளவை மாற்றும். இப்போது செய்தால் மூன்றாவது ஆபரேஷனுக்கு வந்து நிற்பாய், ஒவ்வொரு தடவையும் காம்புக்குப் போகும் பால் குழாய்கள் குறைந்துகொண்டே வரும். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு ஓரளவாவது பால் கொடுக்க முடிகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். இரண்டாவதுக்குப் பிறகு அந்த வாய்ப்பு இன்னும் சுருங்கும்.

வலி தாங்க முடியாமல் வேலைக்கே போக முடியவில்லை என்றால் அது வேறு கதை, காத்திரு என்று சொல்ல மாட்டேன். அப்படியானால் ஒரு வருடமாக அளவு மாறாமல் இருக்கிறதா என்று பார்த்து, சுரப்பி அதிகம் எடுக்காத வழியைக் கேள். இல்லையென்றால் பிள்ளைகள் பெற்று, பால் கொடுப்பதை நிறுத்தி ஆறு மாதம் ஆன பிறகு செய்துகொள். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தாய். தழும்பு இருக்கத்தான் செய்யும், கட்டிக்கப் போகிறவரிடம் நீயே சொல்லிவிடு.

குளச்சல், வயது 52

எனக்கு சுகர் இருக்கிறது. முதல் ஆபரேஷன் பேப்பர் எதுவும் கையில் இல்லை. காம்பை எடுத்து ஒட்டி வைக்கலாம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

அக்கா, அதன் பெயர் ஒட்டு, ரப்பர் தைக்கு ஒட்டு வைப்பது போலத்தான். காம்பையும் கருவட்டத்தையும் மெல்லிய வட்டமாக எடுத்து, சதையைக் குறைத்த பிறகு புது இடத்தில் தைத்து, மேலே பஞ்சு வைத்து ஒரு வாரம் அழுத்திக் கட்டுவோம். பழைய பெடிக்கிள் தெரியாமல், காம்பும் நீண்ட தூரம் ஏற வேண்டியிருந்தால் இது பாதுகாப்பான வழி. ஆனால் அதற்குப் பிறகு காம்பில் தொடு உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது, பால் வராது, நம் நிறத்தவர்களுக்கு அந்த வட்டம் திட்டுத் திட்டாக வெளுக்கவும் செய்யும். பச்சை குத்தி நிறம் கொடுக்கலாம். இதை ஆபரேஷனுக்கு முன்னாலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் காம்பு ரொம்பக் கீழே இல்லையென்றால் கொழுப்பு உறிஞ்சுவது மட்டும் போதுமா என்று இன்னொரு சர்ஜனிடம் கேளுங்கள். ஒட்டுக்குப் போகாமல் செய்யும்போதும் ஆபரேஷன் மேஜையிலேயே ஒரு பரிசோதனை உண்டு: கருவட்டத்தின் ஓரத்தை ஊசியால் தொட்டால் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் துளிர்க்க வேண்டும். கருநீலமாகக் கசிந்தால் தையலைத் தளர்த்துவோம். அப்படியும் நிறம் மாறாவிட்டால் அங்கேயே ஒட்டாக மாற்றுவோம். அதனால் சம்மதப் படிவத்தில் ஒட்டு என்ற வரி இருப்பது நல்லதுதான், இருந்தால் பயப்பட வேண்டாம்.

மூன்று மாத சராசரி சுகர் (HbA1c டெஸ்ட்) 8 சதவீதத்துக்குக் கீழே வராமல் நான் கத்தி எடுப்பதில்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் ஒரு மாதம் முன்பே நிறுத்துங்கள், நிகோடின் இந்தச் சின்ன ரத்தக்குழாய்களைத்தான் முதலில் சுருக்கும்.

மார்த்தாண்டம், மனைவிக்காகக் கணவர்

நான் வளைகுடாவில் இருக்கிறேன். மனைவிக்கு இரண்டாவது ஆபரேஷன் சொல்லியிருக்கிறார்கள். முதலில் செய்த இடத்தில் கேட்டால் பழைய ஃபைல் இல்லை என்கிறார்கள். ஆபரேஷன் நடந்து இரண்டரை வருடம்தான் ஆகிறது.

மனைவியையே எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில், உள்நோயாளியின் பதிவைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. உங்களுக்கு இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது, இந்த வாரமே கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் போதாது, அதில் "இரு மார்பகக் குறைப்பு" என்று ஒரே வரி இருக்கும். ஆபரேஷன் நோட்ஸ் வேண்டும், எந்தப் பெடிக்கிள் என்று அதில்தான் இருக்கும். பக்கத்துக்கு எத்தனை கிராம் எடுத்தார்கள் என்ற பயாப்ஸி ரிப்போர்ட்டும் கேளுங்கள். கிடைத்ததும் போனில் படம் எடுத்து உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் திருவனந்தபுரம் போனாலும், முதல் நாளே அதை சர்ஜன் கையில் கொடுக்க வேண்டும்.