பீங்கான் கரி அடுப்பு (கமாடோ): கேள்வி பதில்

கமாடோ ஜப்பானியரின் கண்டுபிடிப்பா, அமெரிக்கரின் கண்டுபிடிப்பா?

இருவருக்கும் பங்கு உண்டு. ஜப்பானில் கமாடோ என்றால் சமையற்கட்டில் மண்ணால் கட்டிய விறகடுப்பு. கொரியத் தீபகற்பத்திலிருந்து கோஃபுன் காலத்திலேயே (சுமார் கி.பி. 3 முதல் 6ஆம் நூற்றாண்டு வரை) வந்து சேர்ந்தது. ஆனால் இன்றைய முட்டை வடிவ அடுப்புக்கு நேர் மூதாதை முஷிகமாடோ. சோறு ஆக்குவதற்கென்றே செய்த உருண்டை மண் அடுப்பு. அடியில் காற்று வர ஒரு வாய், மேலே கவிழ்மூடி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கே இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் இதில் இறைச்சி சுடலாம் என்று கண்டு ஊருக்கு எடுத்துப் போனார்கள். 1974இல் எட் ஃபிஷர் அட்லாண்டாவில் ‘பிக் கிரீன் எக்’ நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் விற்றவை சுடுமண் அடுப்புகள். சூடேறி ஆறி, சூடேறி ஆறி விரிசல் விட்டன. பிறகுதான் வெப்பம் தாங்கும் பீங்கானுக்கு மாறினார்கள். ஆக வடிவமும் காற்றோட்டமும் ஜப்பானுடையவை. இன்றைய பொருளும் இறைச்சி சுடும் வழக்கமும் அமெரிக்காவுடையவை.

தந்தூரிலிருந்து வந்தது என்கிறார்களே?

தந்தூர் வாய் திறந்த அடுப்பு. மேலும் கீழும் காற்றை அளந்து விடுவதுதான் கமாடோ. உறவு மண்ணோடு சரி.

110 டிகிரியில் மெதுவாக வேகவைக்க நினைத்தால் 170க்குப் போய்விடுகிறது. இறங்கவே மாட்டேன் என்கிறது.

ஏறும்போதே பிடிக்க வேண்டும். கனத்த சுவர் ஒருமுறை சூடேறிவிட்டால் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். செய்முறை இது: பழைய சாம்பலை அள்ளிவிட்டு, அடித்தட்டின் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். கட்டைக்கரியை, பெரிய துண்டுகள் அடியில் இருக்கும்படி, கரி எரியும் உட்கலத்தின் (ஃபயர்பாக்ஸ்) காற்றுத்துளைகளுக்கு மேல்வரை நிரப்புங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பற்ற வையுங்கள். பத்து நிமிடம் மூடியைத் திறந்து வைத்து, கங்கு பிடித்ததும், தணலின் நேர்ச்சூட்டை மறைக்கும் வெப்பத்தடுப்புக் கல்லை இறக்கி மூடுங்கள். 80 டிகிரி வந்ததும் மேல், கீழ் இரண்டு திறப்புகளையும் பாதியாக்குங்கள். 100 தொட்டதும் கீழ்க்கதவு ஒரு விரல் அகலம், மேலே கீற்றளவு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பதினைந்து நிமிடம் பொறுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை திருகுகிறவர்களுக்குத்தான் அடுப்பு அடங்காது. வெள்ளைப் புகை நின்று, மெல்லிய நீலப் புகை வரும்வரை இறைச்சியை வைக்காதீர்கள்.

பற்றவைக்கும் திரவம் ஊற்றலாமா?

கூடாது. பீங்கானின் உட்புறம் மெருகு பூசாதது, உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பல சமையலுக்கு அந்த நாற்றம் போகாது. மெழுகுக் கட்டியோ மின்சூட்டுக் கம்பியோ போதும்.

இறைச்சி வறளாமல் இருப்பது ஏன்? மண் ஈரத்தைப் பிடித்து வைத்துத் திரும்பக் கொடுக்கிறது என்று படித்தேன்.

விளம்பர வாசகம். 110 டிகிரியில் சில மணி நேரம் நின்ற சுவரில் கொடுக்க ஈரம் ஏது? காரணம் காற்று. மெல்லிய தகர அடுப்பு வெளியே வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். ஈடுகட்டப் பெரிய தீ வேண்டும், பெரிய தீக்கு நிறையக் காற்று வேண்டும். அந்தச் சூடான உலர்காற்று இறைச்சியின் ஈரத்தை வாரிக்கொண்டு வெளியேறுகிறது. பீங்கான் சுவர் வெப்பத்தை விடாததால் சிறு தணல் போதும், காற்றும் கொஞ்சம் போதும். ஒரு கொள்ளளவு கரி 12 மணி நேரம் தாண்டி நிற்பதும் இதே காரணத்தால்தான்.

அப்படியென்றால் இரட்டைச் சுவர் எஃகு அடுப்பும் இதையே செய்யுமே! எழுபது கிலோ பீங்கானை எதற்குச் சுமக்க வேண்டும்?

நல்ல கேள்வி. மெதுவாக வேகவைக்க மட்டும் என்றால், வெப்பக்காப்புள்ள எஃகு அடுப்பே போதும். சீக்கிரம் சூடாகும், கீழே விழுந்தால் உடையாது, துருதான் பிடிக்கும். பீங்கானின் எடைக்கு வேலை வருவது உயர் சூட்டில். மூடியைத் திறந்து மூடினாலும் சுவரில் தேங்கிய வெப்பம் உடனே மீட்டுக் கொடுக்கும். பீட்சாவின் மேற்பரப்பு வேகுவது குவிமாடத்திலிருந்து இறங்கும் கதிர்வீச்சால்.

அதைத்தான் சொல்கிறேன் சார், பீங்கானின் தூர அகச்சிவப்புக் கதிர் தனி ரகம். எஃகுக்கு அது வராது.

சூடான எந்தப் பரப்பும் அகச்சிவப்பை வீசும். பளபளக்கும் எஃகு குறைவாக வீசும், உண்மை. நாலு சமையலில் கரி படிந்து கறுத்த எஃகு, பீங்கானுக்குக் கிட்டத்தட்டச் சமம். வேறுபாடு எவ்வளவு வெப்பம் தேங்கியிருக்கிறது என்பதில். ‘தனி ரகக் கதிர்’ என்று விலை ஏற்றுகிறவரிடம் சுவரின் தடிமனைக் கேளுங்கள்.

என் நாக்குக்கு வித்தியாசம் தெரிகிறதே?

தெரியலாம். அதே கரி, அதே மரத்துண்டு, அதே காற்றளவு, அதே தட்டு வெப்பம் வைத்து இரண்டிலும் சுட்டீர்களா? மூடியின் வெப்பமானியும் கம்பித்தட்டின் வெப்பமும் 10 முதல் 20 டிகிரி வேறுபடும். ஒப்பிடுவதற்கு முன் இரண்டு வெப்பமானிகளையும் கொதிநீரில் 100 காட்டுகிறதா என்று பாருங்கள். இந்த வாதம் இத்துடன் போதும், வரிசையில் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

பீட்சாவின் அடி கருகுகிறது, மேலே வேகவில்லை.

தடுப்புக்கல் இல்லாமல் பீட்சாக்கல்லை நேரே தணலுக்கு மேல் வைத்திருப்பீர்கள். தடுப்புக்கல்லை வைத்து, அதற்கும் பீட்சாக்கல்லுக்கும் நடுவே இடைவெளி விடுங்கள், பீட்சாக்கல்லைக் குவிமாடத்தை ஒட்டி உயர்த்துங்கள், பீட்சாவை வைக்கும் முன் கல்லை 300 டிகிரியில் முக்கால் மணி நேரம் சூடேற விடுங்கள்.

இந்தச் சூட்டில் மூடியைச் சட்டென்று திறக்காதீர்கள். காற்றுக்கு ஏங்கிக் கிடக்கும் எரியாத வாயு ஒரேயடியாகப் பற்றி முகத்துக்கு நேரே பாயும். ஐந்து சென்டிமீட்டர் தூக்கி, சில நொடி நிறுத்தி, பிறகு முழுக்கத் திறவுங்கள்.

கரி எரியும் உட்கலத்தில் விரிசல். தூக்கிப் போடவா?

வேண்டாம். உள்ளே விரிவதும் சுருங்குவதும் அந்தப் பாகம்தான். துண்டு கழன்று விழாதவரை ஓடும். வெளிக்கூட்டில் விரிசல் என்றால் உத்தரவாதச் சீட்டைத் தேடுங்கள்.

வெப்பம் 160க்குப் போய்விட்டது, எப்படி இறக்குவது?

மேலே எழுதியாயிற்று.

எந்த கம்பெனி வாங்கலாம்?

கீல், காற்றுத் திறப்பு, மாற்றுப் பாகம் கிடைக்குமா: இந்த மூன்றையும் பாருங்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

மூடியின் ஓரப் பட்டை எரிந்துவிட்டது.

புது அடுப்பை முதல் நாளே கொளுத்தியிருப்பீர்கள். ஃபெல்ட் பட்டையின் பசை இறுக, முதல் சில சமையல் 175 டிகிரிக்குள் இருக்கட்டும். பழைய பசையை முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதிதை ஒட்டுங்கள்.

மழையென்றால் வீட்டுக்குள் வைத்துப் பற்ற வைக்கலாமா?

கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ஆளைக் கொன்றுவிடும். கதவைத் திறந்து வைத்தாலும் இதே பதில்.

துளி மண்ணெண்ணெய் மட்டும் விட்டால்?

திரவம் பற்றிய பதிலை மறுபடி படியுங்கள்.

மாதக்கணக்கில் மூடி வைத்ததில் உள்ளே பூஞ்சை. சோப்புப் போட்டுக் கழுவலாமா?

தண்ணீரே காட்டாதீர்கள். உறிஞ்சிய நீர் ஆவியாகி விரியும்போது பீங்கான் வெடிக்கும். பழைய கரியைக் கொட்டிவிட்டு, புதுக் கரி போட்டு, மெதுவாக ஏற்றி 300 டிகிரியில் அரை மணி நேரம் எரியவிடுங்கள். ஆறியதும் உலர்ந்த தூரிகையால் துடையுங்கள். இனி மூடி வைக்கும்போது மேல் திறப்பைக் கொஞ்சம் விட்டு வையுங்கள், மழை மட்டும் படக்கூடாது.