தடை யாருக்கு, எந்த நிபந்தனையில்?

கேள்வி: பல ஆண்டுகள் வழக்கு நடத்தி ஒருவர் வெற்றி பெறுகிறார். தோற்றவர் உடனே மேல்முறையீடு செய்து தடையாணை வாங்கிவிடுகிறார். வென்றவர் கையில் தீர்ப்பின் நகல் மட்டுமே மிஞ்சுகிறது. மேல்முறையீட்டுக் காலத்தில் தீர்ப்பை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையே நீதிமன்றங்களிடமிருந்து பறித்துவிட்டால் என்ன?

பதில்: தாராளமாகப் பறிக்கலாம். பறித்த மறுநாள் யாரோ ஒருவருடைய வீடு இடிக்கப்படும். இரண்டு ஆண்டுகள் கழித்து மேல்முறையீட்டில் அவரே வெற்றி பெற்றால், நீதிமன்றம் அவருக்கு எதைத் திருப்பிக் கொடுக்கும்? தீர்ப்பு மாறினால் பழைய நிலையை மீட்டுத் தர வேண்டும் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். கொடுத்த பணத்தை வட்டியுடன் திரும்பப் பெறலாம். இழந்த சுவாதீனத்தையும் பெறலாம். இடித்த சுவரையோ, வழக்குக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் நீதிமன்ற ஏலத்தில் நல்லெண்ணத்துடன் எடுத்துவிட்ட சொத்தையோ அப்படி மீட்டுவிட முடியாது. தடையாணை என்ற ஏற்பாடு இருப்பதே இந்த மீளாத இழப்புக்காகத்தான்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது சட்டத்தின் மீது பாய வேண்டியதில்லை. மேல்முறையீடு தாக்கலானதும் தீர்ப்பு தானாக நின்றுவிடும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சட்டத்தின் கட்டளை 41, விதி 5 தொடங்குவதே அதற்கு நேர்மாறாக: மேல்முறையீடு செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்தால் தீர்ப்பாணையின் நிறைவேற்றம் நின்றுவிடாது. தடை வேண்டுபவர் தமக்குக் கணிசமான இழப்பு நேரும் என்று காட்ட வேண்டும். காலம் தாழ்த்தாமல் வந்திருக்க வேண்டும். கடைசியில் தோற்றால் தீர்ப்பை நிறைவேற்றுவதற்கு உரிய ஈட்டையும் (பிணையம்) கொடுத்திருக்க வேண்டும். பணம் செலுத்தச் சொல்லும் தீர்ப்பானால் பிடி இன்னும் இறுகுகிறது: நீதிமன்றம் குறிக்கும் காலத்துக்குள் வழக்கிலுள்ள தொகையைக் கட்டாமலும் ஈடு காட்டாமலும் இருப்பவருக்குத் தடை வழங்கக் கூடாது என்று அதே விதியின் 5ஆம் உட்பிரிவு சொல்கிறது. பிரான்சில்கூட நெடுங்காலம் மேல்முறையீடு என்றாலே பொதுவாக நிறைவேற்றம் நின்றுவிடும் என்றிருந்தது. 2020 சனவரி 1 முதல் தொடுக்கப்படும் உரிமையியல் வழக்குகளில் முதல் நிலைத் தீர்ப்பே உடனடியாகச் செயலுக்கு வரும் என்று அவர்களும் விதியைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

ஆகவே தடை கொடுக்கலாமா கூடாதா என்ற விவாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். டெல்லி கன்னாட் சர்க்கஸில் இருந்த ஒரு கட்டடத்தின் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மாத வாடகை 371 ரூபாய் 90 காசு. வாடகைதாரர் காலி செய்ய வேண்டும் என்று தீர்ப்பாகிறது. அவர் மேல்முறையீடு செய்து தடை கேட்கிறார். பழைய வாடகையிலேயே அந்த இடத்தில் தொடர்ந்து இருக்க முடிந்தால், மேல்முறையீடு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவும் அவருக்கு ஆதாயம். வாடகைத் தீர்ப்பாயம் தடை கொடுத்தது; கூடவே, மாதம் 15,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2004 டிசம்பரில், ஆத்மா ராம் பிராப்பர்ட்டீஸ் வழக்கில், அதை மீண்டும் நிலைநிறுத்தியது: காலி செய்யும் தீர்ப்பு வந்த நாளிலிருந்து, அந்த இடத்தை வேறொருவருக்கு விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதையே கொடுக்கச் சொல்லலாம் என்றது. இழுத்தடிப்பதில் இலாபம் போய்விட்டால், இழுத்தடிப்பவர் எண்ணிக்கையும் தானாகவே குறையும். இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்த இந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டி இப்படியொரு நிபந்தனை கேட்காமல் வாய்தா வாங்கிக்கொண்டு போகும் வழக்கறிஞரிடம் உங்கள் கேள்வியின் பாதியைத் திருப்பிவிடுங்கள்.

நம் நாட்டில் மிக அதிகம் பேசப்பட்ட தடையாணையும் நிபந்தனையோடு வந்ததுதான். 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவர் தரப்பு முழுமையான தடை கேட்டது. உச்ச நீதிமன்றத்தின் விடுமுறைக்கால நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஜூன் 24 அன்று கொடுத்தது நிபந்தனைத் தடை: மக்களவைக்குப் போகலாம், பதிவேட்டில் கையெழுத்திடலாம், உறுப்பினர் என்ற முறையில் வாக்களிக்கவோ ஊதியம் பெறவோ கூடாது. மறுநாள் இரவு நாட்டில் நெருக்கடி நிலை வந்தது வேறு கதை. அதற்குத் தடையாணையைக் குறை சொல்ல முடியாது.

நிபந்தனை அளவு மீறினாலும் ஆபத்துதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1985இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டனில், பென்சாயில் என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு டெக்சாகோ என்ற மற்றொரு எண்ணெய் நிறுவனம் 1,053 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று நடுவர் குழு (ஜூரி) முடிவு சொன்னது. முழுத் தொகைக்கும் ஈடு கட்டினால்தான் நிறைவேற்றம் நிற்கும் என்பது அப்போதைய டெக்சாஸ் விதி. அவ்வளவு பெரிய ஈட்டைத் திரட்ட முடியாத டெக்சாகோ, 1987 ஏப்ரலில் திவால் சட்டத்தின் பாதுகாப்பை நாடியது. வழக்கு கடைசியில் 300 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. மேல்முறையீட்டு உரிமையை ஏட்டில் வைத்துக்கொண்டு, அதன் விலையை எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிட்டால் அதுவும் அநீதியே.

தடைக்கு ஒரு கெடு வைத்துவிடலாமே என்பீர்கள். நடந்துகொண்டிருக்கும் விசாரணைகளுக்கு உயர் நீதிமன்றங்கள் விதிக்கும் தடை ஆறு மாதத்தில் தானாகக் காலாவதியாகும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிப் பார்த்தது. வழக்கைப் பட்டியலில் சேர்க்காதது நீதிமன்றம். தடையை இழந்ததோ வழக்காடி. ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 29 அன்று அதை மாற்றியது சரியே.

நீங்கள் சொல்லும் ‘வென்றவர்’ உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவரிடம் இதைச் சொல்லுங்கள். தீர்ப்பு வந்த வாரமே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148அ பிரிவின்படி கேவியட் (முன்னறிவிப்புக் கோரும்) மனு போட்டுவைக்க வேண்டும். 90 நாள்கள் வரை அது உயிரோடு இருக்கும், அதற்குள் தடை மனு வந்தால் அவருக்கு அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். அன்று நீதிமன்றத்துக்குப் போகிறவர் ‘தடை கொடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பக் கூடாது. கொடுப்பதானால் எவ்வளவு தொகை கட்ட வேண்டும், எந்தத் தேதிக்குள், தவறினால் தடை நீங்குமா, கட்டிய பணத்தில் தமக்கு எவ்வளவு எடுத்துக்கொள்ள அனுமதி என்பதையெல்லாம் ஆணையிலேயே எழுதி வாங்க வேண்டும்.