பிள்ளை பிறந்த பிறகு வாற மனச்சோர்வு: இங்கிலாந்தில ஆரிட்டை, எப்பிடிச் சொல்லுறது?

தங்கச்சி, கிளிநொச்சியில இருந்து லண்டனுக்கு வந்து ஒரு வருஷம், பிள்ளைக்கு ஏழு கிழமை எண்டு எழுதியிருந்தீங்கள். பிள்ளை படுத்தாலும் உங்களுக்கு நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்குது, டொக்டரிட்டைச் சொன்னால் பிள்ளையை எடுத்துப்போடுவினமோ எண்டு பயம். முதல் அந்தப் பயத்தை விடுங்கோ. மனச்சோர்வு எண்டதுக்காக மட்டும் ஒருத்தரும் பிள்ளையைப் பிரிக்கிறேல்லை. ஆஸ்பத்திரியில மறிச்சாலும், தாயையும் பிள்ளையையும் ஒண்டா வைச்சுப் பாக்கிற பிரிவுகள் இஞ்சை இருக்கு.

பெத்து மூண்டாம் நாளளவில வாற அழுகை இரண்டு கிழமைக்குள்ள அடங்கிப்போகும். ஏழாம் கிழமையிலயும் நிக்கிறது மனச்சோர்வு எண்ட வருத்தம். பத்துத் தாய்மாரில ஒருத்தருக்கு மேல வாறது. அம்மா பக்கத்தில இருந்து சரக்குக் கறி காய்ச்சித் தந்திருந்தால் வந்திராது எண்டு நினைக்காதேங்கோ. வன்னியில இருக்கிற தாய்மாருக்கும் வருது. தனிமை அதைக் கூட்டும்.

ஊரில குடும்பநல மாது வீட்டுக்கு வாற மாதிரி இஞ்சை ஹெல்த் விசிட்டர் வருவா. மனச்சோர்வு இருக்கோ எண்டு பாக்கிற எடின்பரோ அளவுகோல் எண்டு பத்துக் கேள்வி கேப்பா; கடைசி ஏழு நாளைப் பற்றினது, மொத்தம் 30 புள்ளி. எங்கட ஆக்கள் பிழைவிடுறது இந்த இடத்திலதான். எல்லாத்துக்கும் "பரவாயில்லை" எண்டால் புள்ளி குறையும், உதவியும் வராது. பத்தாவது கேள்வி உங்களை நீங்களே காயப்படுத்துற நினைப்பைப் பற்றினது. அதுக்கும் உள்ளதைச் சொல்லுங்கோ.

ஜிபிக்கு (குடும்ப டொக்டருக்கு) எடுக்கேக்கை தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும், கூட நேரம் வேணும் எண்டு கேளுங்கோ, அதுக்குக் காசு கட்டத் தேவையில்லை. கணவரையோ மாமியையோ மொழிபெயர்க்க விடாதேங்கோ, அவைக்கு முன்னால பாதிதான் வாயில வரும். 2009 இல வன்னிச் சண்டைக்குள்ள அம்பிட்ட சனத்தோட நீங்களும் நிண்டிருந்தால் அதையும் சொல்லுங்கோ. பழைய பயம் பிள்ளைப்பேறோட திரும்பக் கிளம்பலாம், அதுக்குச் சிகிச்சை வேறை. தைரொயிட்டுக்கும் இரும்புச்சத்துக்கும் இரத்தம் பாக்கச் சொல்லுங்கோ. இரண்டும் இதே களைப்பையும் படபடப்பையும் தரும்.

கதைச்சுக் குணப்படுத்துற சிகிச்சைக்கு நீங்களே நேர பதியலாம். குளிசை தந்தால், பால் குடுக்கிற தாய்மாருக்குக் கூடுதலாத் தாறது செர்ட்ராலின்; பாலில சேருறது மிகக் குறைவு. முதல் கிழமை வயித்தைப் பிரட்டும், பதட்டம் கொஞ்சம் கூடவும் செய்யும். கனபேர் அதோட நிப்பாட்டிப் போடுவினம். பலன் தெரிய இரண்டு தொடக்கம் நாலு கிழமை செல்லும். சுகமான பிறகும் ஆறு மாதமளவில போட்டு, டொக்டர் சொல்லுற மாதிரிப் படிப்படியாக் குறைக்கவேணும். பிள்ளைக்கு ஒரு வயசு வரை, மகப்பேற்று விலக்குப் பத்திரம் இருந்தால் மருந்துக்குக் காசில்லை.

இரவில ஒரு தரம் கணவர் போத்தில்பால் குடுக்கட்டும். உங்களுக்கு நாலைஞ்சு மணித்தியாலம் முறியாத நித்திரை வேணும், அது சுகப்பட நல்லா உதவும்.

கணவரும் இதை வாசிக்கட்டும்: இல்லாத குரல் கேக்குது எண்டால், நித்திரையே இல்லாமல் தலைகால் புரியாத உசாரில திரிஞ்சால், பிள்ளையைப் பற்றி விபரீதமாக் கதைச்சால், விடியும் வரை பாத்திருக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து எண்டால் 999. மற்றும்படி NHS உதவி இலக்கம் 111 அடிச்சு, மனநல உதவிக்கு 2 ஐ அமத்துங்கோ, இரவும் பகலும் எடுப்பினம்.